பப்பாளியில் வளையப்புள்ளி வைரஸ்: நடுவதற்கு முன் செய்ய வேண்டியதும், எந்த மரத்தைப் பிடுங்குவது என்பதும்

பப்பாளிக்கு வைரஸ் வந்தபின் அடிக்க மருந்து கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வரும் போனில் பாதி இதற்குத்தான். "இன்னாக்கா, நாத்து நட்டப்போ நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ கொழுந்து மஞ்சளாய்ச் சுருண்டுக்கினு நிக்குது. இன்னா அடிக்கலாம்?" வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என்று எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் கேள்வி இதேதான். நான் பள்ளிகொண்டா பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். பப்பாளி, மிளகாய், கத்தரி நாற்று போடுகிறேன். மருந்து விற்பதில்லை, அதனால் இதைத் தாராளமாகச் சொல்லலாம்: கடையில் "வைரஸுக்கு" என்று எடுத்துக் கொடுக்கும் பாட்டில் எதுவும் மரத்துக்குள் போன வைரஸை வெளியே எடுக்காது. இலை கொஞ்சம் பச்சை கட்டும், ரெண்டு வாரம் மனசு ஆறும், அவ்வளவுதான்.

ஏன் மருந்து வேலைக்காகாது என்று புரிந்துகொண்டால் மீதி வேலையெல்லாம் தானாகப் புரியும். இந்த வைரஸைத் தூக்கிக்கொண்டு வருவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. பருத்தி, கத்தரி, வெண்டையில் இருக்கும் அசுவினி, மல்லாட்டையிலும் (நிலக்கடலை) அவரையிலும் இருக்கும் கறுப்பு அசுவினி, எல்லாமே கொண்டுவரும். ஆனால் பப்பாளி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அசுவினிக் கூட்டம் கண்ணில் படாது, ஏனென்றால் பப்பாளி அதற்கு வீடு கிடையாது. இறக்கை முளைத்த அசுவினி காற்றில் வரும், இலையில் உட்காரும், ஊசி மூக்கை இறக்கிச் சுவைத்துப் பார்க்கும், பிடிக்காது, அடுத்த மரத்துக்குப் போகும். அந்தச் சுவை பார்க்கிற சில விநாடிகள் போதும். நோய் மரத்தில் வாய் வைத்தால் வைரஸ் மூக்கில் ஒட்டும், அடுத்த மரத்தில் வாய் வைத்தால் இறங்கும். பூச்சிமருந்து அடித்த இலையில் உட்கார்ந்தாலும் பூச்சி சாவதற்குள் வேலை முடிந்துவிடும். போதாக்குறைக்கு மருந்து பட்ட அசுவினி ஓரிடத்தில் நிற்காமல் மரம் மரமாய் அலையும்.

இதிலேயே நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. மூக்கில் ஒட்டிய வைரஸ் ரொம்ப நேரம் தங்காது. வேறு செடியில் ரெண்டு தடவை குத்தினாலே துடைத்துக்கொண்டு போய்விடும். வரப்புப் பயிர் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளையாய் அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சியைக் காட்டி "இதுதான் வைரஸைக் கொண்டாந்துச்சு" என்பவர்கள் உண்டு. மாவுப்பூச்சி வேறு கதை. 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் முதலில் கண்ணில் பட்டு தமிழ்நாடெங்கும் பரவியது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து அசிரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகு அடங்கியது. அதற்கும் வளையப்புள்ளி வைரஸுக்கும் சம்பந்தமில்லை.

இது வைரஸ்தானா?

பிடுங்குவதற்கு முன்னால் இதை நிச்சயம் செய்துகொள்ளுங்கள். வைரஸ் என்று சொல்லி எனக்கு அனுப்பும் போட்டோக்களில் எல்லாமே வைரஸ் கிடையாது.

காலை வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். மரத்தின் உச்சியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பாருங்கள். வைரஸ் என்றால் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாய்க் கலந்திருக்கும், சிறு நரம்புகள் வெளுத்துத் தெரியும். அடுத்து இலைக்காம்பின் அடிப்பக்கத்தையும் தண்டின் மேல்பாதியையும் பாருங்கள். கரும்பச்சையில், எண்ணெய் ஊறின மாதிரி நீளக் கீற்றுகள் இருக்கும். நான் நம்புவது இந்தக் கீற்றைத்தான். இலை ஆயிரம் காரணத்தால் சுருளும், காம்பில் எண்ணெய்க் கீற்று அப்படி வராது. காய் இருந்தால் பச்சைத் தோலில் கரும்பச்சை வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். பழுக்கும்போது அவை மங்கும். நோய் முற்றினால் புது இலைகள் அகலமே இல்லாமல் நரம்பும் கொஞ்சம் சதையுமாக நிற்கும்.

குளிர் மாதங்களில் இதெல்லாம் பளிச்சென்று தெரியும். சித்திரை, வைகாசியில் நம்மூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அடையாளம் மங்கி, மரம் தேறிவிட்ட மாதிரி இருக்கும். ஏமாற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் திரும்பவும் காட்டும்.

இனி, வைரஸ் மாதிரி இருக்கும் மற்றவை.

களைக்கொல்லி. பக்கத்துக் கரும்பிலோ நெல் வரப்பிலோ 2,4-டி அடித்திருப்பார்கள், காற்றுவாக்கில் வந்திருக்கும். இலை குறுகி, நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடி, அச்சு அசலாக முற்றிய வைரஸ் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரே வாரத்தில், ஒரே பக்கத்து வரிசைகள் மொத்தமும் இப்படி ஆகியிருக்கும். வைரஸ் அப்படி வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரம்பித்து, பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்ளே நகரும். களைக்கொல்லி பட்ட மரத்தின் காம்பில் கீற்று இருக்காது, அடுத்து வரும் கொழுந்துகள் மெல்ல மெல்லச் சரியாகும். தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். போன வருஷம் அகரம்சேரி பக்கம் ஒருத்தர் மண்வெட்டியோடு நின்றுகொண்டே போன் செய்தார். "தம்பி, காம்பைப் பாருப்பா" என்றேன். சுத்தமாக இருந்தது. பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டால், நாலு நாள் முன்னால் கரும்புக்குக் களைமருந்து அடித்ததை அவரே ஒத்துக்கொண்டார்.

சிலந்திப்பேன். கொழுந்து இலை கொக்கி மாதிரி வளைந்து, தடித்து, அடிப்பக்கம் பழுப்பு பூத்திருக்கும். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடி இலையில் ஊர்வது தெரியும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலத்தில் அடிக்கலாம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

போரான் குறை. காய் மேடும் பள்ளமுமாய்க் கோணி, தோலில் பால் சொட்டி உறைந்திருக்கும். வளையம் இருக்காது.

இலைச்சுருள் வைரஸ் என்று இன்னொன்று உண்டு. அதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. இலை கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து குழிந்து, நரம்பு தடித்து, காம்பு கோணல்மாணலாக முறுக்கும். அந்த மரம் பூக்காது. அதற்கும் வைத்தியம் பிடுங்குவதுதான், யோசிக்கவே வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இலையை மட்டும் கிள்ளிப் போகாமல், காம்போடு, ஒரு காயும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

நாற்று வாங்கும்போது

விதை வழியாக இந்த வைரஸ் வருமோ என்று பயப்பட வேண்டாம். நாற்று நிற்கும் இடத்தில்தான் ஆபத்து. அதனால் ரகத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் நாற்றங்காலைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பச்சை நிழல்வலையைப் பார்த்து "வலைக்குள்ளதான் வளர்க்கறாங்க" என்று திருப்தி அடையாதீர்கள். நிழல்வலை வெயிலைத்தான் தடுக்கும், அசுவினி அதன் கண்ணுக்குள் சாவகாசமாகப் போய்வரும். வேண்டியது 40 முதல் 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்) வெள்ளைப் பூச்சிவலை, நான்கு பக்கமும் மண்ணுக்குள் புதைத்தது, ரெண்டு கதவு உள்ளது. ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். பண்ணைக்குப் பக்கத்திலேயே காய்த்துக் கிடக்கும் பப்பாளி மரமோ பூசணிக் கொடியோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எங்கள் பண்ணைக்கும் இதே விதிதான்.

வைரஸ் ஏறி இலையில் தெரிய ரெண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே பச்சைப் பசேல் என்று நிற்கும் நாற்றும் உள்ளே வாங்கி வைத்திருக்கலாம். வெயிலுக்குப் பழக்குகிறேன் என்று கடைசி வாரத்தில் நாற்றைத் திறந்தவெளியில் அடுக்குவார்கள் சிலர். ரெண்டு மாதம் வலைக்குள் காப்பாற்றியது அந்த ஒரு வாரத்தில் போய்விடும். தண்ணீரைக் குறைத்து வலைக்குள்ளேயே பழக்கலாம். நீங்களும் வாங்கிக்கொண்டு போய் களத்துமேட்டில் பத்து நாள் வைக்காதீர்கள். குழி எடுத்து, சொட்டுநீர்க் குழாய் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வண்டி அனுப்புங்கள். 45 நாளிலிருந்து 60 நாள் நாற்று சரி. அதற்கு மேல் நின்று பை கிழிந்து வேர் வெளியே வந்ததை "சும்மா எடுத்துக்கோ" என்று கொடுத்தாலும் வேண்டாம்.

ரகத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. ரெட் லேடி இந்த வைரஸைக் கொஞ்சம் தாங்கும். வராது என்று அர்த்தமில்லை, வந்தாலும் மற்றதைவிடக் கூட நாள் காய்க்கும். அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே மரம் வராது, அது கலப்பின விதை. முழுசாக எதிர்த்து நிற்கும் பப்பாளி உலகத்தில் உண்டு. ஹவாயில் ஓவாஹூ தீவுத் தோட்டங்கள் 1950-களில் இதே வைரஸால் நாசமாகி, சாகுபடியே வேறு தீவில் பூனா என்ற பகுதிக்கு இடம் மாறியது. 1992-ல் அங்கேயும் வைரஸ் வந்துவிட்டது. டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற விஞ்ஞானியின் குழு, வைரஸின் மேலுறைப் புரத மரபணுவையே பப்பாளிக்குள் வைத்து உருவாக்கிய ரெயின்போ ரகம் 1998-ல் விவசாயிகள் கைக்கு வந்து தொழிலைக் காப்பாற்றியது. இந்தியாவில் மரபணு மாற்றிய பப்பாளிக்கு அனுமதி கிடையாது. அதனால் இங்கே யாராவது "வைரஸே வராத நாத்து" என்று விற்றால், அந்தப் பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நிலத்தைத் தயார் செய்வது

முதல் வேலை பழைய மரங்களை எடுப்பது. காய்ப்பு ஓய்ந்த பழைய தோட்டத்தை "நாலு காய் வருதே" என்று விட்டுவிட்டு, பக்கத்திலேயே புதுசு நடுகிறார்கள். அசுவினிக்கு இதைவிட வசதி வேண்டாம். வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை மரமும் அப்படித்தான். உங்கள் கொல்லை என்றால் வெட்டிவிடலாம், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மரத்தை என்ன செய்வது? சண்டைக்குப் போனால் மரம் நிற்கும், பேச்சு நின்றுவிடும். "பெரியம்மா, இந்த மரத்துக்குச் சீக்கு, காயும் ருசிக்கலை பாருங்க. எடுத்துடலாம். என் தோட்டத்துல காய்க்கிற வரைக்கும் உங்களுக்குப் பழம் என் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். ஒடுகத்தூர் பக்கம் என்னிடம் நாற்று எடுக்கும் ஒரு பையன் இப்படித் தெருவில் இருந்த மரங்களை எல்லாம் எடுக்க வைத்தான். வாரம் ஒரு கூடைப் பழம் தெருவுக்குப் போகிறது, அவனுக்கு அது நஷ்டமே இல்லை.

பாகல், பீர்க்கு, புடலைப் பந்தலுக்குப் பக்கத்தில் பப்பாளி வேண்டாம். பூசணி, தர்பூசணியும் அதே குடும்பம், வைரஸும் தங்கும், அசுவினியும் பெருகும். ஊடுபயிராகக் கத்தரி, வெண்டை, மிளகாய், மல்லாட்டை வேண்டாம். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் நம் பக்கம் அதன்மேல் ஆசை கூடியிருக்கிறது. நல்லதுதான், தனி நிலத்தில் போடுங்கள். பப்பாளிக்கு நடுவில் ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்றால் சின்ன வெங்காயம்.

இப்போது வரப்புப் பயிர். நாற்று நடுவதற்கு ஒரு மாதம் முன்பே சுற்றிலும் நெருக்கமாக ரெண்டு வரிசை சோளமோ மக்காச்சோளமோ விதையுங்கள். நடும் நாளில் அது இடுப்புக்கு மேல் நிற்க வேண்டும். நாற்றையும் சோளத்தையும் ஒரே நாளில் போட்டுவிட்டு "வரப்புப் பயிர் வெச்சிருக்கேன்" என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. காற்றில் வரும் அசுவினி முதலில் உயரமாய் இருப்பதில் இறங்கும், குத்திப் பார்க்கும், மூக்கைத் துடைத்துக்கொள்ளும். சோளத்திலேயே அசுவினி மொய்த்துப் பிசுபிசுப்பதைப் பார்த்துப் பதறுவார்கள். அது சோளத்து அசுவினி. சோளத்தில் பப்பாளி வைரஸ் தங்காது, அதனால் அங்கிருந்து நோய் வராது.

சோளம் நூறு நாளில் காய்ந்துவிடும், நமக்கோ ஐந்து மாதம் வேலி வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது கம்பு நேப்பியர் தீவனப்புல். ரெண்டு வரிசை, அதற்குத் தனியாக ஒரு சொட்டுநீர்க் குழாய். அறுக்கும்போது ஒரு வரிசையை அறுத்து, அது எழும்பியபின் அடுத்ததை அறுங்கள். ரெண்டையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் அன்றைக்கே வேலி போய்விட்டது.

வெள்ளியும் கறுப்புமாக வரும் நிலப்போர்வை ஷீட்டை வெள்ளிப் பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். ஒளி கீழிருந்து அடிப்பதால் இறங்க வந்த அசுவினி தடுமாறும். இலை படர்ந்து ஷீட்டை மூடும்வரைதான் இந்தப் பலன், ஆனால் அந்த மாதங்கள்தான் முக்கியம். களைவெட்டும் கூலியிலும் மிச்சம்.

எப்போது நடுவது

பொதுவாக ஆனியிலிருந்து புரட்டாசிவரை நடச் சொல்வார்கள். மழைத் தண்ணீரை நம்பி நடுபவர்களுக்கு அது சரி. வைரஸ் கணக்கில் எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பக்கம் ஆடியில் மானாவாரி மல்லாட்டை விதைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் செடி முற்றிக் காயும்போது அதிலிருக்கும் அசுவினிக்கு இறக்கை முளைத்து ஊரெல்லாம் பறக்கும். தை வரைக்கும் அவரை, மொச்சை, காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். ஆவணியில் நட்ட பப்பாளி அப்போது மூன்று நான்கு மாதப் பிள்ளை, சரியாக மாட்டும்.

கிணற்றிலோ போரிலோ கோடைத் தண்ணீர் உறுதி என்றால் மாசியில் நடுங்கள். முதல் ஐந்து மாதம் அசுவினி அடங்கிக் கிடக்கும் வெயில் காலத்தில் கழியும், மார்கழி வரும்போது மரத்தில் காய் தொங்கும். அதற்குப் பிறகு வைரஸ் வந்தாலும் போட்ட காசு கையைவிட்டுப் போகாது. தண்ணீர் நிச்சயமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம், பங்குனி வெயிலில் நாற்று காய்ந்தால் வைரஸ் வரைக்கும் போகவே வேண்டியதில்லை.

பிடுங்குவது

6 அடிக்கு 6 அடி நட்டால் ஏக்கருக்கு 1,210 மரம். முதல் ஐந்து மாதம் வாரம் ரெண்டு தடவை எல்லா வரிசையும் நடக்க வேண்டும். கையில் சிவப்புத் துணிக் கீற்றுகள். சந்தேகமான மரத்தில் ஒன்று கட்டுங்கள், அடுத்த நடையில் காம்பில் கீற்று தெரிந்தால் அன்றைக்கே பிடுங்குங்கள்.

பூக்காத மரம் என்றால் பேச்சே இல்லை, எடுங்கள். அது காய்க்கப் போவதில்லை, ஆனால் சுற்றியிருக்கும் எட்டு மரத்துக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆட்கள் தயங்குவது இங்கேதான். "நேத்துதானேக்கா உரம் வெச்சேன், இன்னும் பத்து நாள் பாக்கறேன்" என்பார்கள். பத்து நாள் பார்த்தால் பத்து மரம் எடுக்க வேண்டி வரும். வேரோடு எடுங்கள். இடுப்பளவில் வெட்டிவிட்டால் பக்கக் கிளை துளிர்க்கும், அந்தத் துளிரிலும் வைரஸ் இருக்கும். தோட்டத்துக்கு வெளியே குழியில் போட்டு மூடுங்கள். மண்ணில் இந்த வைரஸ் தங்காது, ஆகவே குழிக்கு மருந்து ஊற்றும் செலவு வேண்டாம். அந்த இடத்தில் உடனே புது நாற்றும் வேண்டாம். பெரிய மரங்களுக்கு நடுவில் நிற்கும் சின்னது நோயை வாங்கிக்கொண்டு கடைசிவரை குட்டையாகவே நிற்கும்.

காய் பிடித்து, அடிவரிசைக் காய் முஷ்டி அளவு வந்த மரத்தில் நோய் தெரிந்தால் நான் பிடுங்கச் சொல்வதில்லை. இருக்கும் காய் முற்றும். மேலே வரும் புதுக் காய்கள் சிறுத்துக் கோணும், அவற்றைக் கிள்ளிவிட்டால் கீழே உள்ளதாவது எடை பிடிக்கும்.

பூப்பதற்கு முன்பே கால்வாசி மரத்துக்கு மேல் சிவப்புத் துணி கட்டியாகிவிட்டது என்றால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவதில் அர்த்தமில்லை. மொத்தத்தையும் உழுதுவிட்டு வேறு பயிர் வைப்பதுதான் கணக்குக்கு ஒத்துவரும். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அந்தத் தோட்டத்தை இன்னும் ஆறு மாதம் தண்ணீர் கட்டி வளர்த்தால் நஷ்டம் கூடத்தான் செய்யும்.

ஊட்டம், விற்பனை

நாலாம் மாதமும் எட்டாம் மாதமும் லிட்டர் தண்ணீருக்கு துத்தநாக சல்பேட் 5 கிராம், போரிக் அமிலம் 1 கிராம் கலந்து இலையில் தெளியுங்கள். இது வைரஸைக் கொல்லாது. மரம் தெம்பாக நிற்கும், போரான் குறையும் தீரும். யூரியாவை அள்ளிக் கொட்ட வேண்டாம், இலை ரொம்ப இளசாகும். தண்ணீர் தேங்க விடாதீர்கள், வேர் அழுகல் வைரஸைவிட வேகமாக மரத்தைச் சாய்க்கும்.

வளையம் விழுந்த பழத்தைச் சாப்பிட்டால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது, இனிப்புதான் குறையும். வியாபாரி முதலில் பார்ப்பது அந்த வளையத்தைத்தான், பார்த்ததும் மொத்த லோடுக்கும் விலையைக் குறைப்பார். அதனால் வளையக் காய்களை அறுக்கும்போதே தனிக் கூடையில் போட்டு, சென்னை லோடில் கலக்காமல் உள்ளூர்க் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் கொடுத்துவிடுங்கள்.

கடைசி அறுப்பு முடிந்த வாரமே ஜேசிபியோ ஆளோ வைத்து எல்லா மரத்தையும் வேரோடு எடுத்துவிடுங்கள். அடுத்த நடவுக்கு என்னிடம் நாற்று கேட்டு வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, "பழசை எடுத்துட்டியாப்பா?" எடுக்கவில்லை என்றால் எடுத்தபிறகுதான் நாற்று.